எக்ஸ் ஆஃப் 3 என்றால் எத்தனை ஹெர்ட்ஸ்?

சிக்னலிலிருந்து எடுத்த எட்டு மதிப்புகளை (சாம்பிள்களை) வைத்து, அதில் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரிக்கிற எட்டுப் புள்ளி எஃப்.எஃப்.டி. கணக்கு என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் பயமே கிடையாது. பட்டர்ஃபிளை படத்தை ஸ்கேல் வைத்து மூன்று அடுக்காகப் போடுவார்கள். பிட் ரிவர்சல் வரிசையில் எண்களை உள்ளே விடுவார்கள். 0.707 எங்கே பிளஸ், எங்கே மைனஸ் என்று பார்த்துப் பார்த்துப் போட்டு, கடைசியில் எக்ஸ் ஆஃப் 0 முதல் எக்ஸ் ஆஃப் 7 வரை எட்டு விடைகளையும் கட்டம் கட்டிக் காட்டிவிடுவார்கள். 13 மார்க் கேள்வி அது. முழு மார்க் வாங்குகிற பிள்ளைகள் வகுப்பில் பாதிப் பேராவது இருப்பார்கள். அதே பிள்ளையை லேப் வைவாவில் நிறுத்தி, "இந்த எட்டு சாம்பிளும் விநாடிக்கு 8000 கணக்குல எடுத்ததுன்னு வச்சுக்கோ. நீ கண்டுபிடிச்ச எக்ஸ் ஆஃப் 3 எத்தனை ஹெர்ட்ஸைப் பத்திச் சொல்லுது?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் மேலே ஃபேனைப் பார்ப்பார்கள். சிலர் "மூணு ஹெர்ட்ஸ், மேம்" என்பார்கள். விவரமான பிள்ளை ஒன்று, "அது சிலபஸ்ல இல்லையே மேம்" என்று நம்மையே மடக்கும்.

கேட்டது பெரிய கேள்வி இல்லை. 8000-ஐ 8-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 1000 ஹெர்ட்ஸ், மூன்றாவது படி 3000. ஆனால் பாடமே அந்த வகுத்தலில்தான் இருக்கிறது. எக்ஸ் ஆஃப் 3 என்பது பிள்ளையின் மனதில் வெறும் கலப்பெண்ணாக நின்றுவிட்டால், அப்புறம் வருகிற ஃபில்டர், விண்டோ, மல்டிரேட் எல்லாம் ஃபார்முலா மனப்பாடம்தான். நான் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) துறையில் இருக்கிறேன். டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் பிராசசிங்) பேப்பர் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். எக்ஸ்டர்னலாக மன்னார்குடிப் பக்கம் போனாலும், தஞ்சாவூர்ப் பக்கம் போனாலும் இதே கேள்விக்கு இதே முழிப்புத்தான். அதனால் எங்கள் பிள்ளைகள் மட்டும்தான் இப்படி என்று விடவும் முடியவில்லை, அங்கே பாடம் எடுத்தவர் சரியில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவரும் என்னைப் போல அத்தனை பயிற்சிக்கும் போய் வந்தவர்தான். இத்தனை பயிற்சி எடுத்துக்கொண்ட நாங்கள் எல்லோரும் எப்படி ஒரே இடத்தில் வழுக்குகிறோம் என்பது ரொம்ப நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

சான்றிதழ் ஃபைல்

டி.எஸ்.பி. ஆசிரியருக்குப் பயிற்சி கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பீரோவில் சான்றிதழுக்கென்றே தடியான ஒரு ஃபைல் இருக்கிறது. 2010-களில் ஐ.ஐ.டி. மும்பை முன்னின்று நடத்திய பத்தாயிரம் ஆசிரியர் பயிற்சித் திட்டம் நினைவிருக்கும். நாடு முழுக்க உள்ள கல்லூரிகளை மையங்களாக்கி, ஏ-வியூ என்ற இணையவழி வகுப்பு மென்பொருள் வழியாக ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை உட்காரவைத்தார்கள். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸுக்கு ஐ.ஐ.டி. காரக்பூர் ஒரு பயிலரங்கம் எடுத்தது. அதற்குப் பிறகு ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் தருகிற என்.பி.டி.இ.எல். பாடங்களே எஃப்.டி.பி.யாக (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியாக) கணக்கில் வரத் தொடங்கின. தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ.யின் அடல் அகாடமி வந்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எட்டு மாட்யூல் கொண்ட என்.ஐ.டி.டி.டி. என்ற ஆசிரியர் பயிற்சி வந்தது. கையில் போனும் ராத்திரியில் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும், எதையும் கற்றுக்கொள்ளலாம்.

இதில் எனக்கு உண்மையான நன்றி உண்டு. எனக்கு வேலை கிடைத்த புதிதில் நல்ல பயிற்சி என்றால் திருச்சி துவாக்குடிக்கோ சென்னை தரமணிக்கோ போய் ஒன்றிரண்டு வாரம் தங்க வேண்டும். வீட்டில் மாமியாருக்கு முடியாமல் இருக்கும், பையன் எல்.கே.ஜி.யில் இருப்பான், எங்கே போவது? உடன் வேலை பார்த்த சார்கள் போய்விட்டு வந்து சொல்வதைக் கேட்டுக்கொள்வதுதான். என்.பி.டி.இ.எல். வந்ததும் அந்தக் கதவு திறந்துவிட்டது. ஐ.ஐ.டி. டெல்லி பேராசிரியர் எஸ்.சி. தத்தா ராய் டிஜிட்டல் ஃபில்டரை அவசரமில்லாமல் படிப்படியாகக் கட்டிக்கொண்டு போவதைச் சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்டிருக்கிறேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் சி.எஸ். ராமலிங்கத்தின் வகுப்புகளும் அப்படித்தான். டெரிவேஷன் என்று வந்தால் அவர்கள் சொல்வதைவிட நான் ஒன்றும் நன்றாகச் சொல்லிவிடப் போவதில்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. அந்த வேலையை அவர்கள் செய்துவிட்டதால் வகுப்பில் எனக்கு வேறு வேலை செய்ய நேரம் மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

அந்த வேறு வேலை என்ன என்பதைத்தான் எந்தப் பயிற்சியும் சொல்லவில்லை. எஃப்.டி.பி. அறிவிப்புகளை வரிசையாகப் பாருங்கள். மெஷின் லேர்னிங், ஐ.ஓ.டி., பிளாக்செயின், குவாண்டம் கம்ப்யூட்டிங். டி.எஸ்.பி. என்று தலைப்பில் இருந்தாலும் உள்ளே போனால் டீப் லேர்னிங்கில் பட வகைப்பாடு ஓடிக்கொண்டிருக்கும். நடத்துகிறவருக்கும் வேறு வழியில்லை, புது விஷயமாக இருந்தால்தான் அனுமதி, நிதி எல்லாம் கிடைக்கும். இன்னொரு பக்கம் கற்பித்தல் பயிற்சி. அங்கே ப்ளூம்ஸ் டாக்ஸானமி, கோர்ஸ் அவுட்கம், ரூப்ரிக் என்று எல்லாப் பாடத்துக்கும் பொதுவாகச் சொல்வார்கள். சிவில்காரருக்கும் எனக்கும் ஒரே ஸ்லைடு. பாடம் தெரிந்தவர் பாடத்தைச் சொல்கிறார், கற்பித்தல் தெரிந்தவர் கற்பித்தலைச் சொல்கிறார். வலங்கைமானிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளை எக்ஸ் ஆஃப் 3-ஐ ஏன் மூன்று ஹெர்ட்ஸ் என்று நினைக்கிறது என்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இந்த எண்ணம் வெறும் புலம்பல் இல்லை என்று எனக்குத் தைரியம் கொடுத்தது 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு. கேத்லீன் வேஜ், ஜான் பக் ஆகியோரும் சக ஆசிரியர்களும் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸுக்காக 25 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை உருவாக்கினார்கள். எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். கணக்குப் போடுவது மிகக் குறைவு. படத்தைப் பார்த்து, யோசித்து, தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைகளையும் சும்மா நிரப்பவில்லை, மாணவர்கள் வழக்கமாக எப்படிப் பிசகுவார்களோ அந்தப் பிசகுகளையே விடைகளாக வைத்தார்கள். ஏழு கல்வி நிறுவனங்களில் 900-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பாடம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் அதே தேர்வு. வழக்கமான விரிவுரை வகுப்பில், மாணவர்கள் ஆரம்பத்தில் தெரியாமல் இருந்த கருத்துகளில் சராசரியாக 20 சதவீதத்தைத்தான் பாடம் முடியும்போது பிடித்திருந்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு! அங்கே ஒரு வகுப்புக்கு எத்தனை பேர், லேப் எப்படி என்பதெல்லாம் நம் நிலைமையோடு ஒப்பிட வேண்டியதே இல்லை. அங்கேயே அப்படியென்றால் என் வைவா மேசையில் நடப்பது எனக்கு மட்டும் வாய்த்த தலைவிதி இல்லை. இந்த எண்ணைப் படித்த அன்று நிம்மதியாக இருந்ததா, கலக்கமாக இருந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

முகாமில் ஒரு டீ

எங்கள் பக்கத்தில் டி.எஸ்.பி. நடத்துகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரே கூரையின் கீழ் சேர்வது எந்த எஃப்.டி.பி.யிலும் நடக்காது. விடைத்தாள் திருத்தும் முகாமில் நடக்கும். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பெரிய ஹால். போனை வெளியே கொடுத்துவிட வேண்டும். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர், பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர், அரியலூரிலிருந்து ஒருவர் என்று வரிசையாக உட்கார்ந்து ஒரே பட்டர்ஃபிளையை நாள் முழுக்கத் திருத்துவோம். சலிப்பான வேலை, கூலியும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், டெல்டா முழுவதிலும் உள்ள பிள்ளைகள் இந்தப் பாடத்தை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அந்த ஹாலில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறோம். படிக்கிறோம், மார்க் போடுகிறோம், மூடிவிடுகிறோம்.

அப்படி ஒரு முகாமில் டீ இடைவேளையில் நாகப்பட்டினம் பக்கத்துக் கல்லூரிக்காரர் ஒருவரோடு பேச்சு வந்தது. ஓய்வுக்குச் சில வருடங்களே இருக்கிற சீனியர் சார். பேசவே மாட்டார், தலையைக் குனிந்துகொண்டு திருத்துவார். நான் என் எக்ஸ் ஆஃப் 3 புலம்பலைச் சொன்னதும் சிரித்தார். "உங்ககிட்டயும் மூணு ஹெர்ட்ஸ்னுதான் சொல்றாங்களா மேடம்? என் நோட்டுல அதுதான் முதல் பக்கம்" என்றார். என்ன நோட்டு என்றேன். பல வருடமாக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாராம். முகாமில் எதையும் குறிக்கக் கூடாது என்பதால், சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது அன்றைக்குப் பார்த்த தவறுகளை நினைவிலிருந்து எழுதுவாராம். யார் எழுதியது, எந்தக் கல்லூரி என்பது அவருக்கே தெரியாது, தேவையும் இல்லை. தவறு என்ன வகை, அது எந்த நினைப்பிலிருந்து வந்திருக்கும் என்பது மட்டும்.

அடுத்த நாள் கொண்டுவந்தார். சாப்பாட்டு நேரத்தில் புரட்டிப் பார்த்தேன். எக்ஸ் ஆஃப் 0 என்பது சிக்னலின் முதல் மதிப்பு என்று நினைக்கிறார்கள், ஏனென்றால் நாம் போர்டில் எக்ஸ் ஆஃப் 0-ஐயும் சின்ன எக்ஸ் ஆஃப் 0-ஐயும் ஒரே மாதிரி எழுதுகிறோம். சாம்பிளிங் ரேட்டைக் கூட்டினால் சிக்னலின் அதிர்வெண்ணும் கூடும் என்று நினைக்கிறார்கள், ஏனென்றால் நாம் படத்தின் கீழே எப்போதும் சாம்பிளின் வரிசை எண்ணான 'என்' (n) என்றுதான் எழுதுகிறோம், விநாடி என்று எழுதியதே இல்லை. நாலு புள்ளியையும் மூன்று புள்ளியையும் கன்வல்யூஷன் செய்தால் ஆறு புள்ளி வர வேண்டும் என்பதை இரண்டு மார்க்கில் சரியாக எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் அதையே நாலு புள்ளி டி.எஃப்.டி. (எஃப்.எஃப்.டி. வேகமாகப் போடுவது இந்தக் கணக்கைத்தான்) வழியாகப் போட்டு நாலு விடையை எந்த உறுத்தலும் இல்லாமல் கட்டம் கட்டுகிறார்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் "ஏன்" என்று ஒரு பத்தி. அந்த ஏனில் பாதி மாணவரைப் பற்றி இல்லை, கரும்பலகையைப் பற்றி.

எல்லாக் கல்லூரியிலும் ஓடுகிற ஒரு கணக்கு இருக்கிறது. 1, 2, 3, 4, 4, 3, 2, 1. டி.எஸ்.பி. படித்த எவருக்கும் இதைப் பார்த்ததும் விடை வாயில் வரும்: 20, அப்புறம் −5.828 − ஜே2.414, அப்புறம் பூஜ்யம், அப்புறம் −0.172 − ஜே0.414. சார் அந்தக் கணக்கை மாற்றவே இல்லை. கேள்வியின் ஓரத்தில் "சாம்பிளிங் ரேட் 8000 ஹெர்ட்ஸ்" என்று மூன்று சொல், ஓர் எண் மட்டும் சேர்த்தார். விடை வந்த பிறகு அதை ஹெர்ட்ஸ் போட்ட அச்சில் படமாக வரையச் சொன்னார். அப்போது பிள்ளைகளுக்குத் தானாகவே கேள்வி வருகிறது என்றார். 20 எங்கிருந்து வந்தது? எட்டு எண்ணையும் கூட்டினால் 20. இந்த எட்டும் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்குகிறது, அதனால் 1000 ஹெர்ட்ஸில் உயரம் 6.3, 3000-இல் அரைகூட இல்லை. 5000-இல் மறுபடி அதே உயரம் ஏன் வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய வகுப்புக்கு அதுவே போதும், ஓர் அதிர்வெண் இன்னொன்றாக வேஷம் போடுகிற அலையாசிங் அதற்குள்தான் இருக்கிறது.

எனக்கு அங்கேதான் ஏதோ சரியாக உட்கார்ந்தது. இதற்குப் புது சாஃப்ட்வேர் வேண்டாம், கிட் வேண்டாம், நிதி வேண்டாம். ஓரத்தில் ஓர் எண் போதும். ஆனால் அந்த எண்ணை எங்கே போட வேண்டும் என்பதை அவருக்குச் சொன்னது எந்த ஐ.ஐ.டி. பேராசிரியரும் இல்லை, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எழுதிய தவறான விடைகள். அதைச் சேர்த்துவைக்க பஸ் பயணமும் ஒரு பழைய நோட்டும் பல வருடப் பொறுமையும் வேண்டியிருந்திருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் அந்த நோட்டு அவர் வீட்டுப் பரணுக்குப் போய்விடும். நம் எல்லாரிடமும் இப்படி ஒரு நோட்டு மண்டைக்குள் இருக்கிறது, யாரும் யாரிடமும் காட்டியதில்லை. பயிற்சி என்ற பெயரில் மேலேயிருந்து எவ்வளவு கொட்டினாலும் இது மட்டும் வராது. பக்கத்துக் கல்லூரிக்காரரிடமிருந்துதான் வர முடியும்.

மிருதங்கமும் 256 சாம்பிளும்

அந்த முகாமுக்குப் பிறகு எப்போதாவது ஒரு சனிக்கிழமை கும்பகோணத்தில் கூடுகிறோம். மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சாரின் வீட்டு மாடி. வேலை நாள், பரீட்சை, மழைக்கு விடுமுறை விட்டு அதை ஈடுகட்டும் சனிக்கிழமை வகுப்பு எல்லாம் போக எத்தனை பேர் வர முடிகிறதோ அத்தனை பேர். ஒரே நிபந்தனை, ஸ்லைடு கூடாது. மாணவர்கள் தவறாகச் சொன்ன ஒன்றையாவது கொண்டுவர வேண்டும்.

ஒரு கூட்டத்துக்கு மயிலாடுதுறை மேடம் தன் தம்பியை மிருதங்கத்தோடு அழைத்துவந்தார். ஏன் மிருதங்கம் என்றால், அது இந்தப் பாடத்துக்காகவே செய்துவைத்த மாதிரி ஒரு கருவி. சும்மா இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் வரும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கில்லாத விகிதத்தில் போகும். அதனால்தான் பறைக்கும் டிரம்முக்கும் சுருதி சொல்வது கஷ்டம். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசுகிற அந்தக் கறுப்புச் சோறு தோலுக்கு நடுவில் எடையைக் கூட்டி, இந்த விகிதங்களைக் கிட்டத்தட்ட 1, 2, 3, 4, 5 என்று இழுத்துப்பிடித்துவிடுகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920-இலேயே சிவகாளி குமாரோடு சேர்ந்து இதை நேச்சர் இதழில் எழுதினார், 1934-இல் விரிவாகவும் எழுதினார். கணினி இல்லாத காலம் அது. நம் கையில் போனும், ஆக்டேவ் என்கிற கணக்கு மென்பொருளும் இருக்கின்றன.

தம்பி ஒரு "தீம்" தட்டினார், ஒரு "நம்" தட்டினார். 'நம்'மில் மோதிர விரல் தோலைத் தொட்டு அடிப்படை அதிர்வை அமுக்கிவிடும், இரண்டாவதுதான் ஓங்கிக் கேட்கும். அதனால் 'நம்'மின் சிகரம் 'தீ'மைப் போல இரண்டு மடங்கில் இருக்க வேண்டும். போனில் பதிந்து, 8000-க்குக் குறைத்து, 256 சாம்பிளை எடுத்து எஃப்.எஃப்.டி. போட்டோம். 'தீம்' 125 ஹெர்ட்ஸ், 'நம்' 281. வகுத்தால் 2.25. மாடி இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு கட்சி, வாத்தியம் சுருதி சேரவில்லை என்றது. தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "காதால கேளுங்க சார், சுருதி சுத்தமா இருக்கு" என்றார். இன்னொரு கட்சி, ராமன் சொன்னது நல்ல வாத்தியத்துக்குத்தான் என்று பட்டும்படாமல் பேசியது. பிஎச்.டி. முடித்தவர்கள், பதினைந்து இருபது வருடம் இதையே நடத்தியவர்கள் உட்கார்ந்திருக்கிற கூட்டம்!

நாகப்பட்டினம் சார்தான் நிதானமாகக் கணக்குக்கு வந்தார். 8000-ஐ 256-ஆல் வகுத்தால் ஒரு படி 31.25 ஹெர்ட்ஸ். நாலாவது படி 125, ஐந்தாவது 156.25. வாத்தியம் 140-இல் ஒலித்தால் அதற்கு நிற்கப் படியே இல்லை, கிட்டத்தில் இருக்கிற 125-இல் போய் நின்றுவிட்டது. 280-க்கு ஒன்பதாவது படி பக்கத்திலேயே, 281-இல் இருக்கிறது. அப்படியே பூஜ்யங்களைச் சேர்த்து (இதைத்தான் ஜீரோ பேடிங் என்கிறோம்) 4096 புள்ளியாக்கிப் பார்த்தோம். 'தீம்' 140-ஐ ஒட்டி வந்து உட்கார்ந்தது. தம்பி மிருதங்கத்தை உறையில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

அப்புறம்தான் உண்மையான சண்டை. "அப்போ ஜீரோ பேடிங் பண்ணினா ரெசல்யூஷன் கூடும்னு பிள்ளைங்க எழுதறது சரிதானே?" என்று தஞ்சாவூர் மேடம் கேட்டார். நோட்டில் அது தவறு என்று இருக்கிறது, கண்ணெதிரே வேலை செய்துவிட்டது. ஆக்டேவிலேயே 260, 272 ஹெர்ட்ஸில் இரண்டு ஒலிகளைக் கலந்து, அதே 256 சாம்பிளை எடுத்து 4096 வரை பூஜ்யம் நிரப்பினோம். வழவழவென்று ஒரே ஒரு மேடு. இன்னும் பூஜ்யம் சேர்த்தோம், மேடு இன்னும் வழவழப்பானது, இரண்டாகப் பிரியவே இல்லை. 256 சாம்பிள் என்பது 32 மில்லி விநாடி. அந்தத் துக்குணி நேரத்துக்குள் 12 ஹெர்ட்ஸ் வித்தியாசம் தன்னைக் காட்டிக்கொள்ள அவகாசமே இல்லை. பூஜ்யத்துக்குப் பதில் நிஜ சாம்பிள் 2048 எடுத்தோம், கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு சிகரங்களும் தனித்தனியாக எழுந்து நின்றன. ஒற்றை ஒலி எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பூஜ்யம் உதவும், இரண்டு ஒலிகளைப் பிரிக்க நேரம்தான் வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் பல வருடம் வாயால் சொல்லியிருக்கிறேன். அன்று மாடியில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த இரண்டு கோப்புகளையும், எந்த விடைக்கு எந்தத் தவறான நினைப்புக் காரணம் என்ற குறிப்போடு, வந்தவர்கள் எல்லாரும் எடுத்துப்போய் அவரவர் லேபில் போட்டார்கள். மாற்றம் வந்ததா என்றால், என் வகுப்பில் வைவா சத்தம் கூடியிருக்கிறது என்று மட்டும் சொல்வேன். புள்ளிவிவரம் எடுக்கவில்லை.

கருவிகளைப் பற்றி நிறையப் பேருக்குக் கவலை இருக்கிறது, எனக்கு இல்லை. லைசென்ஸ் வாங்க முடியாத கல்லூரியில் ஆக்டேவ், சைலேப், பைத்தான் எல்லாம் இலவசம். ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கின்றன, பிள்ளைகளே பார்த்துப் பழகிவிடுவார்கள். பழைய டி.எம்.எஸ்.320 டி.எஸ்.பி. சிப் கிட்டுகளை வைத்துக்கொண்டு, அதற்காகவே விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டிக் காப்பாற்றுகிற லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு. பாடப்பொருளுக்கும் பஞ்சமில்லை. 1999-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பரனியுக் என்ற சிக்னல் பிராசசிங் பேராசிரியர் தொடங்கிய கனெக்ஷன்ஸ்தான் பின்னாளில் ஓப்பன்ஸ்டாக்ஸாக வளர்ந்து, உலகம் முழுக்க இலவசப் பாடநூல் தருகிறது. அதைத் தொடங்கியவர் ஒரு டி.எஸ்.பி. வாத்தியார் என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு.

தட்டுப்படுவது வேறு இடத்தில். கல்லூரிகளுக்குள் அட்மிஷன் போட்டி. கேள்வித்தாளைப் பக்கத்துக் கல்லூரிக்குக் கொடுத்தாயா என்று கேட்கிற நிர்வாகங்கள் உண்டு. நல்லபடியாக வந்துகொண்டிருந்த ஓர் இளம் சார் சம்பளம் போதாமல் பெங்களூரு வேலைக்குப் போய்விட்டார், அவர் மண்டைக்குள் இருந்த நோட்டும் அவரோடு போய்விட்டது. சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகிறேன் என்றால், "சர்டிஃபிகேட் உண்டா மேடம்?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை. அதனால் அப்ரைசல் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஒரு வார ஆன்லைன் பயிற்சியில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அதற்குக் கட்டம் உண்டு. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் தணியவே இல்லை. சான்றிதழுக்காக நாமே ஒரு பெயர் வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அரியலூர் சார் சொல்கிறார். பதிவு செய்தால் தலைவர், செயலாளர், வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் வந்துவிடும், அப்புறம் தவறான விடையைப் பற்றிப் பேச நேரம் இருக்காது என்பது என் பயம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டத்தில்) டி.எஸ்.பி. நாலாம் செமஸ்டருக்கு வந்துவிட்டது, லேப்பும் பாடத்தோடு சேர்ந்தே வருகிறது. முன்பு சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸுக்கும் இதற்கும் நடுவே ஒரு செமஸ்டர் இடைவெளி இருந்தது, இப்போது அது சூடு ஆறுவதற்குள் இது. எனக்கு இது நல்லதாகப் படுகிறது, மற்றவர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

இப்போது எங்கள் மாடியில் ஓடுகிற பிரச்சினை நாலாவது யூனிட். லிமிட் சைக்கிள், அதாவது எண்களைக் குறைந்த பிட்டுக்குள் முழுமையாக்குவதால் உள்ளீடு நின்ற பிறகும் வெளியீடு பூஜ்யத்துக்கு அடங்காமல் நிற்பது. முந்தைய மதிப்பை 0.95-ஆல் பெருக்கி உள்ளீட்டைக் கூட்டுகிற அந்தக் கணக்கில், நாலு பிட் என்றால் டெட் பேண்ட் (வெளியீடு சிக்கிக்கொள்கிற எல்லை) 0.625 என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுகிறார்கள். உள்ளீடு நின்ற பிறகும் வெளியீடு அடங்காது என்றால் காதுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. சரி, கேட்கவைப்போம் என்று தஞ்சாவூர் மேடம் அப்படியே ஸ்பீக்கரில் போட்டால் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காது, ஏனென்றால் பிளஸ் 0.95-இல் வெளியீடு 0.625 வரை இறங்கி ஒரே மட்டத்தில் நின்றுவிடும், அதற்கு ஒலி கிடையாது. மைனஸ் 0.95 போட்டால் ஒவ்வொரு சாம்பிளுக்கும் குறி மாறி ஆடும். ஆனால் 8000-இல் அது சரியாக 4000 ஹெர்ட்ஸ், வரம்பின் விளிம்பு, சவுண்ட் கார்டின் ஃபில்டர் அதையும் வெளியே விடாது. ஒவ்வொரு சாம்பிளையும் ஆறு தடவை திருப்பிப் போட்டு 48000-இல் ஒலிக்கவிடலாம் என்கிறார் நாகப்பட்டினம் சார். அப்படிச் செய்தால் பிள்ளைகள் கேட்பது லிமிட் சைக்கிளையா, நாம் போட்ட சதுர அலையையா என்று நான் கேட்கிறேன். இரண்டாம் ஆர்டர் ஃபில்டருக்கே போய்விடலாம் என்பது மயிலாடுதுறை மேடத்தின் கட்சி. அடுத்த கூட்டத்துக்கு மூன்றையும் செய்துகொண்டு வருவதாகப் பேச்சு. யாராவது இதை வகுப்பில் ஏற்கெனவே கேட்கவைத்திருந்தால் எழுதுங்கள்.